முதல் புரோ எம்எம்ஏ போட்டி: 28 நாள் கெடு, 155 பவுண்டு. கையெழுத்துப் போடலாமா?

கூண்டுவாசல்

வணக்கம். எம்எம்ஏ (கலப்புத் தற்காப்புக் கலை) அமெச்சூரில் 8 போட்டி ஆடி 7 வென்ற ஒரு வீரருக்கு முதல் புரோ வாய்ப்பு வந்திருக்கிறது. நான் அவருடைய கிராப்ளிங் (பிடிச்சண்டை) கோச். முடிவு சொல்ல மூன்று நாள்தான் இருக்கிறது.

போட்டி லைட்வெயிட், 155 பவுண்டு, 5 நிமிட ரவுண்டு மூன்று. எடை பார்ப்பது போட்டிக்கு முந்தின நாள் காலை. அதற்கு இன்றிலிருந்து 28 நாள். வீரர் காலையில் வெறும் வயிற்றில் 79 கிலோ, கொழுப்பு ஏறக்குறைய 15 சதவீதம், உயரம் 176 செ.மீ. இதுவரை ஆடியதெல்லாம் 77.1 கிலோ (170 பவுண்டு) வெல்டர்வெயிட்டில். இரண்டு கிலோவுக்கு மேல் தண்ணீர் எடை இறக்கியதே இல்லை.

ஒப்பந்தம் நான்கு பக்கம். ஷோ மணியும் (ஆடினாலே கிடைப்பது) வின் போனஸும் (வென்றால் கூடுதல்) சம தொகை. இந்தப் போட்டியோடு சேர்த்து மொத்தம் 4 போட்டி, 24 மாதம், வேறு எங்கும் ஆடக் கூடாது.

எனக்குத் தெரிய வேண்டியது: இந்த எடை நடக்குமா? ஒப்பந்தத்தில் எதைத் திருத்தச் சொல்ல வேண்டும்? அமெச்சூர் விதியிலிருந்து புரோ விதிக்குப் போகும்போது நாலு வாரத்தில் எதைப் பழக்க வேண்டும்?

---

எடைத்தட்டு

கோச், எடைக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

155 பவுண்டு என்றால் 70.3 கிலோ. பட்டப் போட்டி இல்லையென்றால் வழக்கமாக 1 பவுண்டு சலுகை தருவார்கள், அப்போது 70.7. அந்தச் சலுகை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் 79-லிருந்து 8.3 கிலோ இறங்க வேண்டும். உடல் எடையில் பத்தரை சதவீதம்.

இந்த 8.3-ஐ ஒரே மூட்டையாகப் பார்க்காதீர்கள். எந்த எடை எங்கிருந்து வருகிறது என்று பிரித்தால்தான் முடியுமா முடியாதா என்பது தெரியும்.

முதலில் கொழுப்பு. வாரத்துக்கு 0.7 கிலோவுக்கு மேல் இறக்கினால் ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) கால் ஓடாது, தசையும் சேர்ந்து கரையும். தினம் 700 முதல் 800 கலோரி குறைத்து, புரதத்தைக் கிலோவுக்கு 2 கிராமுக்குக் குறையாமல், அதாவது நாளுக்கு 160 கிராம் வைத்தால் மூன்று வாரத்தில் 2 கிலோ. 77-க்கு வந்துவிட்டார்.

கடைசி வாரத்தில் குடலில் தங்கும் கழிவு. நார்ச்சத்தை நாளுக்கு 10 கிராமுக்குள் மூன்று நாலு நாள் வைத்தால் அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை குறையும். இதில் பசியும் இல்லை, பலவீனமும் இல்லை. ஆனாலும் பெரும்பாலானவர்கள் இதைச் செய்வதில்லை. கடைசி வாரம் கீரையும் சாலடும்தான் நல்லது என்று தின்று, அந்த எடையையும் வியர்வையில் எடுக்கப் பார்க்கிறார்கள்.

அடுத்து கிளைகோஜன், உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரை. தசையில் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நாளுக்கு 50 கிராமுக்குள் நாலு நாள் நிறுத்தினால் ஒன்றரை கிலோ வரை இறங்கும். இரண்டையும் கழித்தால் 74.8.

மிச்சம் 4.1 கிலோ. இது முழுக்கத் தண்ணீர்தான், 74.8-இல் ஐந்தரை சதவீதம். இதற்கு முன் இரண்டு கிலோவுக்கு மேல் இறக்காத உடம்பு, அதுவும் முதல் புரோ போட்டிக்கு. என் பதில்: வேண்டாம்.

காகிதத்தில் இது நடக்கும், இதைவிட மோசமாகச் செய்பவர்களும் உண்டு. ஆனால் உங்கள் வீரருடைய உடம்பு எப்படி வியர்க்கிறது, தூக்கத்தில் எவ்வளவு இறங்குகிறது, திரும்ப எவ்வளவு வேகமாகத் தண்ணீர் ஏற்கிறது என்று யாருக்கும் தெரியாது. அது தெரியாமல் நாலு கிலோ என்று கணக்குப் போட முடியாது.

கேட்ச்வெயிட் (பிரிவு எடைக்குப் பதிலாக இரு பக்கமும் ஒத்துக்கொள்ளும் எடை) கேளுங்கள். 160 பவுண்டு என்றால் 72.6 கிலோ. மேலே சொன்ன அதே உணவு முறையில் 74.8-க்கு வந்தபின் 2.2 கிலோதான் தண்ணீர், 3 சதவீதம். அது இந்த வீரருக்குத் தெரிந்த எல்லைதான். 165 பவுண்டுக்கு ஒத்துக்கொண்டால் அது 74.8 கிலோ, சொட்டு வியர்வை சிந்தாமல் எடைத் தட்டில் ஏறலாம். எதிராளிக்கு நாலு வாரத்தில் ஆள் கிடைக்காமல் அமைப்பு தேடுகிறது என்றால் பேரம் பேசும் பலம் உங்கள் பக்கம்தான்.

---

சூடுபாறை

10 சதவீதம் எல்லாரும் இறக்குவதுதான். லைட்வெயிட்டில் ஆடுகிற பாதிப் பேர் கேம்ப் (போட்டிக்கான பயிற்சிக் காலம்) இல்லாதபோது 80 கிலோவுக்கு மேல் இருப்பவர்கள். 176 செ.மீ. உயரத்துக்கு 170 பவுண்டு பெரிய பிரிவு, அங்கே கை நீளத்திலேயே தோற்றுவிடுவார். சானா சூட் (வியர்க்க வைக்கும் உடை), சூட்டுக் குளியல், கடைசி நாள் தண்ணீர் நிறுத்தம். எடை பார்த்தபின் 30 மணி நேரம் இருக்கிறது, எல்லாம் திரும்பிவிடும். இதை மறுத்தால் அடுத்த அழைப்பு வராமலே போகலாம்.

---

எடைத்தட்டு

உயரம் பற்றிச் சொன்னது சரி. 176 செ.மீ.க்கு 155தான் கடைசியில் அவருடைய பிரிவாக இருக்கும். அதற்கு 79 கிலோவில் நடமாடக் கூடாது. ஆறு மாதம் எடுத்து 75, 76-ல் நிலைக்க வேண்டும். நான் மறுப்பது 28 நாளை மட்டும்தான்.

எல்லாம் திரும்பிவிடும் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். தட்டில் எடை திரும்பும். ஆனால் மூளையைச் சுற்றியுள்ள திரவமும் ரத்தத்தின் அளவும் பழைய நிலைக்கு வருவது தட்டைப் பார்த்துத் தெரியாது. வறண்ட உடம்போடு தலையில் அடி வாங்குவதை எந்த விளையாட்டு மருத்துவரும் ஆபத்து என்றுதான் சொல்வார்.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, நடந்தவை இருக்கின்றன. டேனியல் கார்மியர் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் எடை இறக்கியதால் சிறுநீரகம் கெட்டு மல்யுத்தப் பாய்க்கே வரவில்லை. 2013 செப்டம்பரில் பிரேசில் வீரர் லியாண்ட்ரோ சோசா எடை பார்க்கும் நாளிலேயே இறந்தார். 2015 டிசம்பரில் ஒன் சாம்பியன்ஷிப் போட்டிக்கு எடை இறக்கிய யாங் ஜியான் பிங் இறந்தார், வயது 21. அதற்குப் பிறகுதான் அந்த அமைப்பு தண்ணீர் வற்றவைத்து எடை இறக்குவதைத் தடை செய்து, சிறுநீரின் அடர்த்தியைச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது மேக்ஸ் ஹாலோவே. 2018 ஏப்ரலில் யுஎஃப்சி (மிகப் பெரிய எம்எம்ஏ அமைப்பு) 223-க்கு ஆறே நாள் கெடுவில் அழைத்தார்கள். அவர் 145-ல் சாம்பியன். இறங்க வேண்டியது 155-க்குத்தான், தன் வழக்கமான எடையைவிட 10 பவுண்டு அதிகம். அப்படியும் எடை பார்க்கும் நாளில் நியூயார்க் விளையாட்டு ஆணைய மருத்துவர்கள் நிறுத்திவிட்டார்கள். எத்தனை பவுண்டு என்பதைவிட எத்தனை நாள் என்பதுதான் அங்கே ஆளைக் கவிழ்த்தது.

மேல் பிரிவுக்குப் போனால் தோல்வி என்பதும் நிச்சயமில்லை. ராபர்ட் விட்டக்கர் 2014-ல் 170-ஐ விட்டு 185-க்குப் போனார், 2017-ல் சாம்பியன். டஸ்டின் போரியே 2015-ல் 145-லிருந்து 155-க்கு ஏறினார், 2019-ல் இடைக்காலப் பட்டம் வென்றார்.

---

வலதுமூலை

எடை விவாதம் நடக்கட்டும், மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

ஐஎம்எம்ஏஎஃப் (சர்வதேச அமெச்சூர் எம்எம்ஏ கூட்டமைப்பு) விதியில் ஆடியிருந்தால் அவர் மூன்று பொருளைச் சந்தித்ததே இல்லை: முழங்கை அடி, தலைக்கு முழங்கால் அடி, ஹீல் ஹூக் (குதிகாலைத் திருகி முழங்காலை முறுக்கும் பிடி). ரவுண்டும் 3 நிமிடம், கணைக்காலுக்குக் காப்பு. புரோவில் ரவுண்டு 5 நிமிடம், கையுறை 4 அவுன்ஸ், காலில் ஒன்றும் இல்லை.

நாலு வாரத்தில் புது ஆயுதம் கற்றுத்தர முயலாதீர்கள். புது ஆபத்திலிருந்து தப்பக் கற்றுக்கொடுங்கள். இதில் முதலிடம் முழங்கைக்கு. அமெச்சூரில் கீழே கார்டில் (மேலே இருப்பவரைக் கால்களுக்கு நடுவில் பிடித்தபடி) படுத்திருப்பது ஓய்வெடுக்கும் இடம் மாதிரி. எதிராளியின் தலையைக் கட்டிப்பிடித்து நேரம் ஓட்டலாம். புரோவில் அதே இடத்தில் 20 செ.மீ. இடைவெளி கிடைத்தால் போதும், புருவம் கிழியும். ஆகவே கீழே இருக்கும்போது இரண்டே விதி: ஒன்று மார்போடு மார்பு ஒட்டு, இல்லாவிட்டால் இடுப்பில் கால் வைத்து முழுசாகத் தள்ளி எழு. நடு தூரத்தில் இருக்காதே. இதை முழங்கைக் காப்பு போட்டு, மேலே இருப்பவர் பாதி வேகத்தில் அடிக்க, ஒரு ரவுண்டுக்கு 90 விநாடி என்று வாரம் மூன்று நாள் ஓட்டுங்கள்.

அடுத்தது வேலியோரம் தலை குனிந்து சிங்கிள் லெக் (எதிராளியின் ஒரு காலை) பிடித்தபடி நிற்கும் பழக்கம். அமெச்சூரில் அதற்குத் தண்டனை இல்லை. புரோவில் இருவரும் நின்றிருந்தால் முகத்துக்கு முழங்கால் வரும். 2024 நவம்பர் 1 முதல் இன்னொரு மாற்றமும் உண்டு: கையைத் தரையில் ஊன்றினால் மட்டும் தரையில் இருக்கும் வீரர் என்று கணக்காகாது. கை, பாதம் தவிர வேறு உறுப்பு தரையைத் தொட வேண்டும். விரலைத் தரையில் வைத்துத் தப்பிக்கும் பழைய உபாயம் நம்பி இருந்தால் ஆள் மயங்கிவிடுவார். அதே நாளில்தான் மேலிருந்து நேராகக் கீழே இறங்கும் முழங்கையின் தடையும் நீங்கியது. ஜான் ஜோன்ஸின் பதிவில் இருக்கும் ஒரே தோல்வி, 2009-ல் மேட் ஹேமிலுக்கு எதிராக அந்த அடியால் வந்த தகுதி நீக்கம்தான். ஆனால் புது விதியை எல்லா ஆணையமும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளவில்லை. எந்தப் பதிப்பில் ஆடுகிறார்கள் என்று விதிக் கூட்டத்துக்குக் காத்திருக்காமல் இப்போதே எழுதிக் கேளுங்கள்.

ஹீல் ஹூக்குக்கு நீங்களே ஆசான், நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: வலி வந்தபின் தட்டித் தோல்வியை ஒத்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் பழக்கத்தை மாற்றுங்கள். முழங்கால் தசைநார் கிழிந்த பிறகுதான் வலி வரும். குதிகால் மாட்டியது தெரிந்தால் உடனே முழங்காலை எதிராளியின் கால் பிடியிலிருந்து வெளியே எடுக்க வேண்டும், முடியாவிட்டால் தட்ட வேண்டும்.

ஐந்து நிமிடம் என்பது மூன்றைவிட இரண்டு நிமிடம் கூடுதல் இல்லை. நாலாவது நிமிடத்தில் வேறு ஆட்டம். முதல் இரண்டு வாரம் ஸ்பாரிங் வாரம் இரண்டு நாள், ஒவ்வொன்றும் 5 நிமிடம் மூன்று ரவுண்டு, மூன்றாவது ரவுண்டுக்குப் புது ஆளை உள்ளே விடுங்கள். கடைசி கடினமான ஸ்பாரிங் போட்டிக்கு 10 நாள் முன்பு முடிந்துவிட வேண்டும். அதன் பிறகு பயிற்சி அளவைப் பாதியாக்கி வேகத்தை மட்டும் வைத்திருங்கள். இடையில் தலையில் அடிபட்டு ஒரு நொடி தடுமாறினாலும் போட்டியை ரத்து செய்யுங்கள். இதில் பேரமே கிடையாது.

மதிப்பெண்: 2017 முதல் அமலில் உள்ள அளவுகோலில் முதலிடம் அடியும் பிடியும் உண்டாக்கிய பாதிப்புக்கு. கட்டுப்பாடு, கூண்டின் நடுவைப் பிடித்தல் எல்லாம் அது முழுக்கச் சமமாக இருந்தால்தான் பார்க்கப்படும். கீழே தள்ளி மேலே படுத்திருந்தால் ரவுண்டு கிடைக்கும் என்று உங்கள் வீரர் நம்பினால், கீழே இருந்து நாலு முழங்கை அடித்தவருக்கு ரவுண்டு போகும்.

ரவுண்டுகளுக்கு இடையே கார்னரில் 60 விநாடி என்பார்கள். அவர் ஸ்டூலில் உட்காரப் பத்து, எழுந்து வெளியே வரச் சொல்லும்போது பத்து போய்விடும். கையில் 40. முதல் பதினைந்து மூச்சுக்கு. யாரும் பேசக் கூடாது. பிறகு ஒரே ஆள் இரண்டு விஷயம், தடுக்க ஒன்று, செய்ய ஒன்று. மூன்று பேர் கத்தினால் அவர் ஒன்றும் கேட்க மாட்டார். புருவம் வெட்டுப்பட்டால் அந்த நாற்பதும் கட்மேனுக்கு (வெட்டுக்காயம் பார்ப்பவருக்கு). முதலில் துணியால் சுத்தமாகத் துடைத்து, அட்ரினலின் நனைத்த பஞ்சை வெட்டின் உள்ளே அழுத்திப் பிடிக்க வேண்டும், விட்டு விட்டுப் பார்க்கக் கூடாது. கடைசியில் வாசலின். வீக்கத்துக்கு வைக்கும் குளிர் இரும்பை மெதுவாக அழுத்த வேண்டும். தேய்த்தால் ரத்தம் பரவி கண் மூடிவிடும். அமைப்பு கட்மேன் தருகிறதா, நீங்கள் கொண்டு வர வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். சிறிய அமைப்புகளில் இதைக் கடைசி நிமிடத்தில்தான் எல்லாரும் கண்டுபிடிக்கிறார்கள்.

---

மூன்றாம்பக்கம்

ஒப்பந்தம். நான்கு பக்கத்தில் முக்கியமானது எப்போதும் மூன்றாம் பக்கத்தில் இருக்கும்.

பணம் எவ்வளவு என்பதை விட எப்போது, எந்த நிலையில் என்பதைப் பாருங்கள். எதிராளி எடை தவறினாலோ, மருத்துவத்தில் விழுந்தாலோ, அன்று வராமலே போனாலோ உங்கள் வீரருக்கு ஷோ மணி உண்டா? உண்டு என்ற வரி இல்லாவிட்டால் கேம்ப் செலவு முழுக்க உங்கள் தலையில். எடை தவறுபவர் தன் தொகையில் 20 அல்லது 30 சதவீதத்தை எதிராளிக்கு விடுவது வழக்கம். அது ஷோ மணியில் மட்டுமா, வின் போனஸிலும் சேர்த்தா என்று எழுதியிருக்க வேண்டும்.

அடுத்து 24 மாதம். இதில் ஒளிந்திருப்பது காலநீட்டிப்பு வரி. காயம், மறுப்பு, தடை என்று எந்தக் காரணத்தால் வீரர் ஆடாவிட்டாலும் அந்த நாள் எல்லாம் ஒப்பந்தக் காலத்தில் கூட்டப்படும் என்று இருக்கும். 24 மாதம் 40 மாதம் ஆகலாம். எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு கடமை வையுங்கள்: 12 மாதத்தில் குறைந்தது இரண்டு போட்டி தர வேண்டும், தராவிட்டால் வீரர் விடுபடுவார். பெரிய அமைப்பு அழைத்தால் விலகலாம் என்ற விடுவிப்பு வரியையும் கேளுங்கள். சிறிய அமைப்புகள் பெரும்பாலும் தரும். பெரிய இடத்துக்கு ஆள் அனுப்பியது அவர்களுக்கும் விளம்பரம். பட்டம் வென்றால் ஒப்பந்தம் தானாக நீளும் சாம்பியன் வரி, வெளியே வரும் சலுகையைச் சமன் செய்யும் உரிமை, இரண்டும் இருந்தால் நீக்கிவிடச் சொல்லுங்கள். முடியாவிட்டால் காலம் குறிப்பிடுங்கள்.

மருத்துவம். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ரத்தப் பரிசோதனை, கண்மணி விரித்துப் பார்க்கும் கண் பரிசோதனை, ஈசிஜி, உடல் பரிசோதனை. பல இடங்களில் மூளை எம்ஆர்ஐயும். எதற்கு யார் செலவு? ரத்த முடிவுக்குக் கால வரம்பு உண்டு, பழையது செல்லாது. இன்றே தொடங்குங்கள். கண் மருத்துவர் நேரம் கிடைக்காமல் போட்டி போனவர்கள் நிறைய. காயக் காப்பீட்டில் வீரர் முதலில் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்று பாருங்கள். அது ஷோ மணியை விட அதிகமாக இருந்தால் அந்தக் காப்பீடு கை முறிவுக்கு உதவாது.

குத்துச்சண்டை வீரர்களுக்கு அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டின் முகமது அலி சட்டம் இருக்கிறது; கட்டாய ஒப்பந்தத்திலிருந்து ஓரளவு காக்கிறது. எம்எம்ஏவை அது தொடவில்லை. யுஎஃப்சி மீது முன்னாள் வீரர்கள் 2014-ல் போட்ட வழக்கு 375 மில்லியன் டாலர் சமரசத்தில் முடிந்து, 2025-ல்தான் நீதிமன்றம் இறுதி ஒப்புதல் தந்தது. பத்து வருடம். கையெழுத்துக்கு முன் ஒரு வரியை மாற்றுவது எவ்வளவு சுலபம் என்று இதைப் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள்.

வீரர் கையில் என்ன நிற்கும் என்பதையும் இப்போதே கணக்குப் போட்டுக் காட்டுங்கள். மேலே போனால் எல்லாம் சரியாகும் என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. யுஎஃப்சியில் நுழைபவர்கள் பலருக்கு 12,000 டாலர் ஷோ, 12,000 வின். வருடம் மூன்று போட்டி, இரண்டு வெற்றி: 60,000. புதியவர்களுக்கு உடை ஒப்பந்தத்தில் போட்டிக்கு 4,000, ஆக 72,000. மேனேஜருக்கு 15 சதவீதம், ஜிம்முக்கு 10 சதவீதம் என்றால் 18,000 போகும். வெளிநாட்டு வீரருக்கு அமெரிக்காவில் மொத்தத் தொகையில் 30 சதவீதத்தை வரியாக முன்கூட்டியே பிடிப்பார்கள்: 21,600. மிச்சம் 32,400. இதிலிருந்துதான் கேம்ப், பிசியோ, கூடுதல் கார்னர் ஆளின் பயணம் எல்லாம். வரிக் கணக்கு தாக்கல் செய்தால் செலவைக் கழித்து ஒரு பகுதி திரும்பலாம். பலர் தாக்கல் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். இது உலகின் மேல்தட்டு. அதற்குக் கீழே எல்லா இடத்திலும் இதைவிடக் குறைவு. ஆகவே முதல் நாலைந்து புரோ போட்டிகளைச் சம்பளமாகப் பார்க்காதீர்கள். பதிவாகப் பாருங்கள். வீரர் பதிவுத் தளங்களான டேப்பாலஜியிலும் ஷெர்டாக்கிலும் ஏறும் அந்த முதல் வரி அழியாது. புரோ ஆனபின் அமெச்சூருக்குத் திரும்பும் கதவும் மூடிவிடும்.

---

கூண்டுவாசல்

எல்லாருக்கும் நன்றி. அமைப்பிடம் பேசினோம். 160 கேட்ச்வெயிட்டுக்கு ஒத்துக்கொண்டார்கள், 1 பவுண்டு சலுகை எழுத்தில் வருகிறது. விடுவிப்பு வரியும் சேர்க்கிறார்கள். காலநீட்டிப்பைக் காயத்துக்கு மட்டும், அதிகபட்சம் 6 மாதம் என்று குறைத்திருக்கிறார்கள்.

எடைத்தட்டு, கடைசி வாரத்தை நாள் வாரியாகச் சொல்ல முடியுமா? தண்ணீர் ஏற்றுவது பற்றி இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

---

எடைத்தட்டு

நல்ல முடிவு. 160 கணக்கில் சொல்கிறேன். விளையாட்டு மருத்துவர் ஒருவர் இந்தத் திட்டத்தைப் பார்த்துச் சம்மதித்த பிறகே தொடங்குங்கள். சிறுநீரகம், ரத்த அழுத்தம், இதயம் எதிலாவது குறை இருந்தால் இது வேண்டாம்.

எடை பார்க்கும் காலைக்கு ஐந்து நாள் முன்பு 77 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அன்றிலிருந்து மாவுச்சத்து 50 கிராமுக்குள். நார்ச்சத்து 10 கிராமுக்குள் என்பது கடைசி நாலு நாள். முட்டை, மீன், தோல் இல்லாத கோழி. காய்கறி கொஞ்சம், வேகவைத்தது. உப்பை மிதமாகக் குறையுங்கள், பூஜ்யமாக்க வேண்டாம். காரணம் அடுத்த வரியில்.

தண்ணீர் ஏற்றுவது என்பது மூன்று நாள் கிலோவுக்கு 100 மி.லி. வரை குடித்து, உடம்பை அதிகம் சிறுநீர் கழிக்கும் நிலைக்குக் கொண்டுபோய், நாலாம் நாள் கிலோவுக்கு 15 மி.லி.க்கு இறக்குவது. 77 கிலோவுக்கு அது நாளுக்கு 7.7 லிட்டர். உப்பை நிறுத்திவிட்டு இவ்வளவு தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் சரிந்து வலிப்பு வரும், உயிரே போகலாம். இரண்டு விதமாகச் சொல்கிறார்கள் என்றால் காரணம் இதுதான். 2.2 கிலோவுக்கு இவ்வளவு தேவையே இல்லை. மூன்று நாள் நாலரை முதல் ஐந்து லிட்டர், பகல் முழுக்கப் பரப்பி. கடைசி நாள் ஒரு லிட்டர், சிறு மடக்காக. அது போதும்.

தூக்கத்தில் எவ்வளவு இறங்குகிறது என்பதை இந்த வாரத்திலிருந்தே அளக்கத் தொடங்குங்கள். படுக்கும் முன் ஒரு எடை, எழுந்து சிறுநீர் கழித்தபின் ஒரு எடை. பலருக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை. பத்து நாள் சராசரி கையில் இருந்தால் முந்தின இரவு எந்த எடையில் படுக்கலாம் என்று தெரியும். அவருக்கு 0.8 என்றால், காலை 73.0 சலுகை எடைக்கு இரவு 73.8-ல் படுத்தால் போதும். அது தெரியாதவர்கள் இரவே கடைசி கிராம் வரை வியர்த்து, தாகத்தில் தூங்காமல் கிடப்பார்கள்.

வியர்வை ஏறக்குறைய ஒரு கிலோதான் மிஞ்சும். 39, 40 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் கழுத்து வரை 15 நிமிடம், பிறகு துண்டில் சுற்றி 20 நிமிடம், துடைத்து எடை பார்க்க வேண்டும். ஒரு சுற்றில் 500 முதல் 800 கிராம். இரண்டு சுற்றில் முடியும். வெப்பமானி இல்லாமல் கையால் பார்த்துச் சூடாக்காதீர்கள். அவரை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக் கூடாது. தொட்டியிலிருந்து எழும்போதுதான் மயங்கி விழுவார்கள், இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க வேண்டும். வியர்வை நின்றுவிட்டால், பேச்சு குழறினால், வாந்தி வந்தால், தோல் சூடாக வறண்டிருந்தால் அங்கேயே நிறுத்திக் குளிரவைத்து மருத்துவமனை. எடை தவறினால் 20, 30 சதவீதம் பணம்தான் போகும்.

சிறுநீர் பிரிக்கும் மாத்திரை ஒன்றுகூட வேண்டாம். ஃப்யூரோசமைடு முதலான எல்லாம் வாடா (உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) தடைப் பட்டியலில் உள்ளவை. பொட்டாசியத்தைக் கெடுத்து இதயத் துடிப்பையும் குலைக்கும். மலமிளக்கியும் வேண்டாம், நார்ச்சத்தைக் குறைத்ததே போதும்.

தட்டு. உங்கள் தட்டை அமைப்பின் சோதனைத் தட்டோடு ஒப்பிடாமல் இருக்காதீர்கள். 2022 மே மாதம் யுஎஃப்சி 274-ல் சார்லஸ் ஒலிவெய்ரா 155.5 வந்து, அரை பவுண்டில் லைட்வெயிட் பட்டத்தைத் தட்டிலேயே இழந்தார். முந்தின இரவு சோதனைத் தட்டு காட்டியது வேறு என்ற புகார் அன்று பலரிடமிருந்து வந்தது. கெட்டியான தரையில் வைத்து, தெரிந்த எடைக் கல்லால் சோதித்து, 200 கிராம் கூடுதலாக இறங்கி வையுங்கள்.

தட்டிலிருந்து இறங்கியதும் உப்பு சர்க்கரைக் கரைசல். உலக சுகாதார நிறுவனத்தின் ஓஆர்எஸ் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம் கொண்டது, அதுவே போதும். முதலில் 600 மி.லி., ஐந்து நிமிடத்தில் மொத்தமாக. பிறகு 20 நிமிடத்துக்கு 250 மி.லி. குடல் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஏற்காது; மீறினால் வயிற்றுப்போக்கு. 2.2 கிலோ இழப்புக்கு மொத்தம் மூன்று லிட்டரைச் சுற்றி, இரவுக்குள். வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் பாதி சிறுநீராகப் போய்விடும்.

சாப்பாடு முதல் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, சிறு சிறு அளவாக. நாள் முழுக்க மாவுச்சத்து கிலோவுக்கு 7 கிராம், அதாவது 500 கிராம். வெள்ளைச் சோறு, ரொட்டி, வாழைப்பழம், தேன். எண்ணெயும் நாரும் குறைவாக. எடை இறக்கிய சந்தோஷத்தில் முதல் வேளையே பொரித்ததையும் பீட்சாவையும் தின்பவர் போட்டி நாள் காலை கழிப்பறையில் இருப்பார். புது உணவு எதையும் அன்று கொடுக்காதீர்கள்.

டிரிப் ஏற்றுவது வேண்டாம். 12 மணி நேரத்தில் 100 மி.லி.க்கு மேல் நரம்பு வழித் திரவம் வாடா விதிப்படி தடை. டிரிப் தேவைப்படும் அளவுக்கு ஒருவர் வறண்டிருந்தால் அவர் மறுநாள் கூண்டுக்குள் போகக் கூடாது.

இன்னும் இரண்டு வாரம் கழித்து, ஒரு சாதாரணப் பயிற்சி வாரத்தில், இந்த வியர்வைச் சுற்று ஒன்றை மட்டும் ஒத்திகை பாருங்கள். எவ்வளவு இறங்கியது, திரும்ப ஏற எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்து இங்கே போடுங்கள், கடைசி வாரத்து எண்ணிக்கையை அதை வைத்துத் திருத்தலாம்.

---

வலதுமூலை

ஒன்று விட்டுப்போச்சு கோச். பல் காப்பு இரண்டு செய்து வையுங்கள், ஒன்று உங்கள் பையில். கையில் பட்டை கட்டும்போது ஆணைய ஆய்வாளர் எதிரில் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் வருவதற்கு முன் கட்டிவிட்டால் முழுசாக அவிழ்த்துத் திரும்பக் கட்டச் சொல்வார், வார்ம் அப் நேரம் அதிலேயே போய்விடும். முதல் போட்டியாக இருந்தால் வரிசையில் முன்னால் போடுவார்கள். முந்தின சண்டை முதல் நிமிடத்தில் முடியக்கூடும். அதனால் வார்ம் அப்பை இரண்டு தடவையாகப் பிரியுங்கள்: கூடம் திறந்ததும் ஒரு தடவை வியர்க்கும் வரை, அவர் முறைக்கு இரண்டு சண்டை முன்பு இன்னொரு தடவை எட்டு நிமிடம்.